நாற்பது நாள் பரண்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவில், சரியாக ஒரு பாய் விரிக்கிற அகலம். அந்த இடத்தில் வேறு யாராவது வந்து உட்கார்ந்தாலே எனக்குப் பொறுக்காது. ஒருமுறை தம்பி தன் பம்பரத்தை அங்கே வைத்துவிட்டுப் போனான். அதை எடுத்துத் தெருச் சாக்கடையில் போட்டுவிட்டு, எனக்குத் தெரியவே தெரியாது என்று இரண்டு நாள் சாதித்தேன். அப்படிப்பட்ட பிள்ளைதான் நான். பின்னால் நடந்ததற்கெல்லாம் இது வேண்டியிருக்கும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். பகுதி என்றால் ஓர் அறை, அதை ஒட்டி ஓர் அடுப்படி, வாசலுக்கும் அறைக்கும் இடையில் செருப்பு விடுகிற அளவுக்கு ஒரு நடை. அவ்வளவுதான். அதற்குள் ஒரு கட்டில், ஒரு பீரோ, அம்மா தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பெரிய பிரியாணி தேக்சா, நாங்கள் நாலு பேர். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவுக்குத் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் வேலை. மாடியில் இருந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அதனால் எங்கள் வீட்டுக் காலண்டர் பீரோவின் கைப்பிடியில்தான் தொங்கும். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் தேதி ஆடும்.

ரகசியம் பேசவும் எங்கள் வீட்டில் தனி இடம் கிடையாது. அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். அடுப்படிக்குள் போய் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். மிக்ஸி நெடுநேரம் ஓடியும் சட்னி வரவில்லை என்றால் ஏதோ பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

அக்காவைக் கொடைரோட்டுக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் மூன்று அறைகள், தரையெல்லாம் டைல்ஸ், அறைக்கு ஒரு ஃபேன். மச்சானை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வரும்போதெல்லாம் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொண்டுவருவார், முதல் கொத்தை என் கையில்தான் தருவார். அந்த வருடம் பெருநாளுக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா மட்டும் மணிக்கட்டு வரை முழுக்கை வைத்த சுடிதார் போட்டிருந்தாள். வேர்க்கலியா அக்கா என்று கேட்டேன். "இப்ப இதுதான்டி ஃபேஷன்" என்றாள். எனக்கும் அதே மாதிரி ஒன்று தைத்துத் தர வேண்டும் என்று அம்மாவிடம் அடம் பிடித்தேன். அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மிக்ஸி ஓடியது. மத்தியானச் சாப்பாட்டில் அரைத்த பண்டம் ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. ஏழாம் மாதம் நம் வீட்டுக்கு வந்துவிடுவாள், பிள்ளை பெற்று நாற்பது நாள் கழித்துத்தான் போவாள் என்று அம்மா எனக்கும் தம்பிக்கும் சொன்னாள். எனக்கு உடனே பீரோவோரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சம்பந்தியம்மா போன் செய்தது ஒரு சாயங்காலம். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தலைப்பிரசவம் தாய் வீட்லதான், இல்லேங்கல. ஆனா உங்க வீட்ல புள்ளத்தாச்சி எங்க படுப்பா? நீட்டிப் படுக்க ஒரு எடம் வேண்டாமா? நான் ஒரு எட்டு வந்து பாத்துட்டுத்தான் அனுப்புறதா வேண்டாமான்னு சொல்லுவேன்."

அம்மா போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியம்மாவை எங்கள் எல்லோருக்கும் பயம். அதிகம் பேச மாட்டார். சாமானைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற மாதிரி ஆளைப் பார்ப்பார்.

"எடம் இல்லன்னு அந்தம்மா ஒரு வார்த்த சொல்லிட்டா அம்புட்டுத்தான்" என்றாள் அம்மா. "அவ அங்கயே கெடக்க வேண்டியதுதான்."

"கெடக்க விடமாட்டேன்" என்றார் அத்தா.

மூன்று அறையில், ஃபேன் காற்றில், டைல்ஸ் தரையில் கிடப்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவே இல்லை. அக்காவுக்குப் பதில் என்னை அனுப்பினால் பாயைச் சுருட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பியிருப்பேன்.

மறுநாளே வீடு தலைகீழானது. பெரிய வீடு பார்க்கக் கையில் வசதி இல்லை. இருக்கிற அறைக்குள்ளேயே இன்னோர் அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அத்தா கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் ஹாலோ பிளாக் கல்லை வைத்து உயர்த்தினார். மூட்டை முடிச்செல்லாம் அதன் கீழே போயின. மாற்றுத் தலையணைகளைத் தேக்சாவுக்குள் அமுக்கி மூடி போட்டு அதையும் உள்ளே தள்ளினாள் அம்மா. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பீரோவை இழுத்து, அறையின் நடுவில் குறுக்காக நிறுத்தினார்கள். பீரோவின் முதுகுக்கு அந்தப் பக்கம் கட்டில், ஒரு பழைய சேலையில் திரை. அக்காவுக்கு அறை கிடைத்துவிட்டது. பீரோவும் சன்னலும் இப்போது வேறு வேறு ஊரில் இருந்தன. என் இடம் போயே போய்விட்டது.

"நான் எங்க படுக்குறது?" என்றேன்.

அத்தா கையை மேலே காட்டினார். சுவரோரமாக ஒரு பரண் அடிக்கப் போவதாகவும், பாதியில் சாமான், மீதியில் நான் என்றும் சொன்னார். மூன்றாவது படிக்கு மேல் ஏறவே எனக்குப் பயம்.

பரணுக்கான பலகை தோல் ஷாப்பிலிருந்து தள்ளுவண்டியில் வந்தது. தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்களாம், முதலாளி சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். பலகை கல் மாதிரி இருந்தது. நாற்றமும் அதற்குச் சளைத்ததில்லை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதத் தலைக்கு மேல வச்சுக்கிட்டு எப்புடிங்க மூச்சு விடுறது?" என்றாள். சோடா உப்பைப் போட்டு மூன்று நாள் தேய்த்தாள். தெருவில் வெயிலில் காயவைத்தாள். தெரு நாய்கள் எல்லாம் வந்து பலகையைச் சுற்றிக் காவலுக்குப் படுத்துக்கொண்டன. கடைசியில் சாம்பிராணி போட்டதில், தோலும் சாம்பிராணியும் கலந்த ஒரு புது வாடை வந்தது. அதற்கு மேல் அம்மாவாலும் முடியவில்லை.

பரணைக் கட்ட வந்தவர் மாமு, அம்மாவின் தம்பி. கொத்தனார். இரும்பு ஆங்கிள் நாலு, வேலை செய்த இடத்தில் மிஞ்சிய சிமெண்டு ஒரு சட்டி, உளி, சுத்தியல் எல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அத்தாவிடம் கேட்டார்.

"நாப்பது முடியுற வரைக்கும்தான மச்சான்? நாலு சவுக்குக் கம்ப ஊண்டிக் கயித்தக் கட்டுனாப் போதும்ல. முடிஞ்சதும் அவுத்துறலாம். வீட்டுக்காரரு சுவத்த எதுக்கு வெட்டணும்?"

"இல்ல மாப்ள" என்றார் அத்தா. "சிமெண்டு வச்சே பூசிரு."

"பூசுனா அப்புறம் எடுக்க முடியாதே."

"எடுக்க வேண்டாம்."

மாமு அத்தாவின் முகத்தையே செத்த நேரம் பார்த்தார். பிறகு உளியை எடுத்தார். நான் கீழே உட்கார்ந்து ஆங்கிள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது எழுத்துக்கு எழுத்து என் காதில் விழுந்தது, அதன் பொருளைத் தவிர.

இப்போது வீட்டுக்காரர் பிரச்சினை. அவர் மாடியில் இருந்தார், உளிச் சத்தம் கேட்டால் இறங்கிவிடுவார். அம்மா அடுப்படிக்குப் போனாள். மிக்ஸியைப் போட்டாள். மிக்ஸி ஓடும்போது மாமு அடிப்பார், அம்மா நிறுத்தினால் மாமுவும் நிறுத்துவார். சும்மா ஓடினால் மிக்ஸி புகைந்துவிடும் என்று ஊறப்போட்டிருந்த அரிசி, காய்ந்த மிளகாய், மல்லி என்று கையில் கிடைத்ததையெல்லாம் அரைத்தாள். நான் இரண்டுக்கும் நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டி இங்கிருந்து அங்கே சொன்னேன். தம்பி வாசலில் நின்று மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று குழி முடிந்தது. நாலாவது குழி பாதியில் இருக்கும்போது கரண்டு போனது.

மிக்ஸி நின்றது. மாமுவின் சுத்தியல் நிற்கவில்லை. அந்த ஓர் அடி, தனியாக, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி விழுந்தது. எல்லோரும் அப்படியே நின்றோம். மாடியில் நாற்காலி நகர்ந்தது. பிறகு செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது. தம்பி ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

வீட்டுக்காரர் வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். தரையில் கொட்டிக் கிடந்த காரையைப் பார்த்தார். "என்ன பாய் இது?" என்றார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார், இனி பரணும் இல்லை, அறையும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். படிக்கட்டுக்குக் கீழே நின்று அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். மிக்ஸி ஓடாமலே அம்மா ரகசியம் பேசி நான் பார்த்தது அன்றுதான். இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும். வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி கேட்டார். திரும்பி வந்தவர் மாமுவிடம், "அந்த மூலையில அடிக்காதீங்க தம்பி, உள்ள தண்ணிப் பைப்பு போகுது. இங்கிட்டுத் தள்ளி அடிங்க" என்று விரலால் இடத்தையும் காட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். இத்தனை வருடம் ஓர் ஆணிக்கு இடம் கொடுக்காத மனிதர். அப்படி அம்மா என்ன மந்திரம் போட்டாள் என்று எனக்கு ஆச்சரியம். அரைத்த மாவுக்கு அடுத்த பத்து நாளும் எங்கள் வீட்டில் புட்டுதான்.

ஆங்கிள்களைப் பதித்துச் சிமெண்டு பூசியாயிற்று. ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும், பத்து நாளைக்கு யாரும் அதன்மேல் ஏறக் கூடாது என்று மாமு கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நாலாம் நாள் காலையில் நான் சொம்பும் கையுமாக ஸ்டூலில் நிற்கும்போது போன் வந்தது. சம்பந்தியம்மா மத்தியானம் வருகிறாராம்.

அம்மா என்னை இறக்கி, தலைசீவி, பெருநாள் கவுனைப் போட்டுவிட்டாள். "மாமி எதக் கேட்டாலும், மேலதான் படுக்குறேன், வசதியா இருக்குன்னு மட்டும் சொல்லு. வேற எதையும் பேசிறாத. ஒன் அக்கா வர்றதும் வராததும் இன்னைக்கி இருக்கு" என்றாள். உண்மையைச் சொன்னால், அக்கா வராமல் போனால் பீரோ பழைய இடத்துக்கு வருமே என்று எனக்குள் ஒரு நப்பாசை இருக்கத்தான் செய்தது.

சம்பந்தியம்மா தனியாக வந்தார். புர்காவைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை. எழுந்து திரையை விலக்கிக் கட்டிலைப் பார்த்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். வாசல் கதவின் தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டு எடுத்துப் பார்த்தார். தாழ்ப்பாளை எதற்குப் பார்க்கிறார் என்று அத்தாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பரணை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல யாரு படுப்பா?"

"நான்தான் மாமி. வசதியா இருக்கு" என்றேன் ஒரே மூச்சில்.

"எங்க, ஏறிக் காட்டு."

சிமெண்டுக்கு வயது நாலு நாள்தான். வேண்டாம் என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். அத்தா வந்து ஸ்டூலைப் போட்டார். என்னைத் தூக்கி விடுகிற சாக்கில் பரணுக்கு நேர்கீழே இரண்டு கையையும் பாதி விரித்தபடி நின்றுகொண்டார். நான் ஏறி, பலகையில் மல்லாந்து படுத்தேன். முதுகுக்குக் கீழே என்னவோ நெறுக்கென்றது. பிஸ்மி சொல்லிக்கொண்டு கண்ணை இறுக மூடினேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து ஓரமாக எட்டிப் பார்த்தேன். மூன்று பெரியவர்களின் உச்சந்தலையும் தெரிந்தது. விழாமல் படுத்திருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"ஆடவே ஆடாது மாமி" என்றேன். "சிமெண்டு வச்சுப் பூசிருக்கு. நாப்பது வரைக்கும்னா கயிறே போதும்னு மாமு சொன்னாங்க. அத்தாதான், எடுக்கவே வேண்டாம், பூசிருன்னுட்டாங்க."

அத்தாவின் விரித்த கைகள் மெல்லக் கீழே இறங்கின. அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

"எடுக்க வேண்டாம்னுட்டாரா?" என்றார் சம்பந்தியம்மா. என்னிடம் கேட்டாரா அத்தாவிடம் கேட்டாரா தெரியவில்லை. கையை உயர்த்தி ஓர் ஆங்கிளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி, ஆறிப்போயிருந்த டீயை எடுத்து முழுவதையும் குடித்தார். வேற சூடா தாரேன் என்றாள் அம்மா. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் புர்காவை மாட்டினார். "சொல்லி அனுப்புறேன்" என்ற ஒரே வார்த்தையோடு போய்விட்டார்.

நான் கீழே இறங்கியதும் அம்மா என் காதைத் திருகினாள். திருகின கையாலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "போச்சுங்க, எல்லாம் போச்சு. நம்ம நெனப்பு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி எங்க அனுப்புவாங்க" என்றாள். அத்தா நடையில் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மட்டும் குற்றவாளியாகப் பரணுக்கு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏழு நாளையும் முடித்தேன்.

எட்டாம் நாள் மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சம்பந்தியம்மா முன்சீட்டில் இருந்து இறங்கினார். பின்சீட்டில் அக்கா, வயிறு லேசாகத்தான் தெரிந்தது. ஏழாம் மாதம் என்றார்களே, இது ஐந்துதானே என்று நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். டிக்கியில் இருந்து இரண்டு பெரிய பெட்டிகள் இறங்கின. பிறகு அக்காவுக்குச் சீராகக் கொடுத்த தையல் மிஷின், கார் மேலே கட்டியிருந்த மெத்தை, அவளுடைய சர்டிபிகேட் வைத்த ஃபைல். எனக்கு ஆத்திரமாக வந்தது. நாங்கள் அங்குலம் அங்குலமாக இடம் பிடித்து வைத்தால், நாற்பது முடிகிற வரைக்கும் இருக்க இம்புட்டுச் சாமானா?

"மச்சான் வரலியா மாமி?" என்று கேட்டேன். திராட்சைப் பெட்டியைத்தான் தேடினேன்.

"அவன் சரக்கெடுக்க வெளியூர் போயிருக்கான்" என்றார் சம்பந்தியம்மா. அக்காவின் நகைப் பையை அம்மாவின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்தார். "அவன் வர்றதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அதே காரில் திரும்பினார். அம்மா கார் போன பிறகும் தெருவிலேயே நின்றாள்.

அன்று அக்காவுக்கு அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். முழுக்கைச் சுடிதாரைக் கழற்றியபோது தோள்பட்டையிலிருந்து முழங்கை வரை மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிப்போன தடங்கள். என்னக்கா இது என்றேன். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். மூன்று அறை உள்ள வீட்டில் கதவுகளும் அதிகமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா தேய்த்துக்கொண்டே அழுதாள். மகள் வந்த சந்தோஷம் என்று அதையும் எடுத்துக்கொண்டேன்.

மச்சான் அதற்குப் பிறகு ஒரு தடவை வந்தார். திராட்சை கொண்டுவரவில்லை. வாசலில் நின்று சத்தம் போட்டார். அம்மா தாழ்ப்பாளைப் போட்டாள். மாடியில் இருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்து அத்தாவின் பக்கத்தில் நின்றார், மச்சான் போகும்வரை நகரவில்லை.

அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அன்றிலிருந்து நான் பரணுக்கு மேலே சுவரில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பென்சிலால் தினம் ஒரு கோடு போட்டு வந்தேன். நாற்பது கோடு ஆனால் பீரோ பழைய இடத்துக்கு வரும். பரணில் வெக்கை தாங்காது, மழை வந்தால் பலகை தோல் ஷாப்பு மாதிரி நாறும், குழந்தை வேறு நேரம் காலம் இல்லாமல் அழும். கோடுகளை எண்ணித்தான் பொறுத்துக்கொண்டேன்.

நாற்பதாவது நாள் சம்பந்தியம்மா வந்தார், அன்றும் தனியாகத்தான். பிள்ளையின் கழுத்தில் ஒரு மெல்லிய செயினைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். வீடு முழுக்க நெய்ச்சோற்று வாசம். நான் பரணிலிருந்து தலையை நீட்டி, இத்தனை நாள் காத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"மாமி, அக்காவ இன்னைக்கே கூட்டிட்டுப் போறீங்களா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா என்னைப் பார்க்காமல் பிள்ளையின் காலைப் பார்த்தாள்.

"எப்புடிம்மா கூட்டிட்டுப் போறது?" என்றார் சம்பந்தியம்மா. "உங்கத்தாதான் சிமெண்டு வச்சுப் பூசிட்டாருல்ல."

பரணுக்கும் அக்கா ஊருக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லப் பெரியவர்களுக்குத் தெரியாது என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் வேலையின் பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"ஆமா மாமி, இனி யாரு ஆட்டுனாலும் ஆடாது" என்றேன். "ஏழு நாளும் நான்தான் தண்ணி ஊத்துனேன்."

சம்பந்தியம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.